நெருப்புப் பெட்டியைக் கொடுத்தது நான்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. குப்பையைப் பற்றியதுதானே என்று கடந்து போய்விடாதீர்கள். ஆசிரியர்களும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் காலைக் கூட்டத்துக்கு முன்னர் வளவு கூட்டுவது வழமை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு துண்டு. பிள்ளைகள் கூட்டி அள்ளிக்கொண்டு போய்ப் பின் மதிலோரம் இருக்கும் குழியில் கொட்டுவார்கள். குழி நிறைந்தால் கொளுத்துவோம். நான் படித்த பாடசாலையிலும் இப்படி ஒரு குழி இருந்தது. அன்று அதில் வேப்பிலையும் கிழிந்த கொப்பித் தாளும்தான் அதிகம். இன்று இலை கொஞ்சம். மிச்சமெல்லாம் டொபி உறை, பிஸ்கட் பக்கட், யோகட் கப், ஷொப்பிங் பேக், லன்ச் சீட்.

அன்று என் வகுப்பின் முறை. "சேர், குழி நிறைஞ்சிட்டு. பத்த வைக்கட்டா?" என்று ஒரு பிள்ளை வந்து கேட்டான். தரம் 7. நான் வரவுப் பதிவேட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமலே மேசை லாச்சியைத் திறந்து நெருப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை.

இரண்டாம் பாடவேளை முடிவதற்குள் அவனுக்கு இழுக்கத் தொடங்கியது. கதைக்க முடியவில்லை. டெஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடினான். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்தார்கள். "காலையில புகை ஏதும் பட்டதா?" என்று டாக்டர் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

உம்மா பதறியடித்துக்கொண்டு வந்தார். மகன் மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "நீங்க உடன கொண்டு வந்ததாலதான் சேர். அல்லாஹ் உங்கள நல்லா வெப்பான்" என்றார். அந்த துஆவைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய், நெருப்புப் பெட்டியைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "பள்ளிக்கூடம் எண்டா கொளுத்தத்தானே செய்வாங்க சேர். எங்கட வளவிலயும் கொளுத்துறதானே."

அந்தப் பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஒரு பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்த காரியம் நமக்கு அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வளி மாசடைதலின் காரணங்கள் எவை என்று கேட்டால் என் பிள்ளைகள் குப்பைகளை எரித்தல் என்று அழகாக எழுதுவார்கள். நான் சரி போட்டுப் புள்ளி கொடுப்பேன். எழுதிய பிள்ளையும் புள்ளி போட்ட ஆசிரியரும் அடுத்த நாள் காலையில் அதே குழியடியில் நிற்போம்.

அந்த வாரம் பூராகவும் ஒரு கேள்வி மனதை விடவில்லை. இந்தப் புகைக்கு யார் பொறுப்பு? விசாரித்துப் பார்த்தேன். குப்பையை அள்ளுவது பிரதேச சபையின் வேலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் கடமையைச் சபையிடம்தான் கொடுத்திருக்கிறது. ஆட்களின் சுகம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பொறுப்பு. எம்.ஓ.எச். ஒபிஸ் என்று நாம் சொல்லும் இடம். அது மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. காற்று மத்திய சுற்றாடல் அதிகார சபையின் விடயம். அது மத்திய அரசாங்கம். குழி ஒன்று, புகை ஒன்று, கந்தோர் மூன்று. மூன்று கந்தோருக்கு ஒரு வேலை என்றால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 2017 செப்டம்பர் 1ஆம் திகதி வெளியிடப்பட்ட வர்த்தமானியில், பிளாஸ்டிக் உட்பட எரியக்கூடிய கழிவுகளைத் திறந்த வெளியில் எரிப்பது தடை செய்யப்பட்டது. லன்ச் சீட் தடையும் அப்போதுதான் வந்தது. அதாவது நான் அன்று காலையில் செய்தது சட்டவிரோதமான வேலை. ஒரு ஆசிரியரான எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

எங்கள் பகுதி பீ.எச்.ஐ.யை எனக்குப் பழக்கம். நல்ல மனிதர். ஒரு பின்னேரம் அவரைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தன் பைக்கில் கட்டியிருந்த கோவையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "சேர், டெங்குக்கு எனக்கிட்ட புத்தகம் இருக்கு. சாப்பாட்டுக் கடைக்குப் புத்தகம் இருக்கு. நீங்க சொல்ற புகைக்கு ஒரு புத்தகமும் இல்ல. புத்தகம் இல்லாத வேலைய என்னண்டு மேல சொல்ற?"

அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். நம் பிரச்சினையின் வேர் அதற்குள்தான் இருக்கிறது.

டெங்கு என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகம் வந்ததும் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச். ஒபிஸுக்கு அனுப்ப வேண்டும். அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. இந்த முறைக்கு அடிப்படையான தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 1897ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. படிவம் வந்தால் பீ.எச்.ஐ. அந்த வீட்டைத் தேடிப் போவார். வளவைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தைப் பார்ப்பார், ரயரைக் கவிழ்ப்பார். குடம்பி இருந்தால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். ஒவ்வொரு கிழமையும் கணக்கு எம்.ஓ.எச். ஒபிஸில் இருந்து கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று நாட்டுக்கே தெரியும். கணக்கு ஏறினால் சிரமதானம், புகை விசிறல், பள்ளிவாசலில் அறிவித்தல் என்று ஊரே அசையும்.

இது லேசில் வந்த ஏற்பாடு இல்லை. களுத்துறையில் 1926ஆம் ஆண்டு முதலாவது சுகாதார அலகைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள். ஒரு பிரதேசம், அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாகப் போகும் பரிசோதகர்களும் மருத்துவ மாதுக்களும் என்ற இந்த முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. நம் உம்மாமார் நம்மைச் சுமந்த காலத்தில் வீட்டுக்கு வந்த மிட்வைஃபும், நமக்குத் தடுப்பூசிக் கார்டு எழுதியவரும் இந்த முறையின் ஆட்கள்தான். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்ற மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. ஒவ்வொரு காய்ச்சல்காரனின் இரத்தத்தையும் பரிசோதித்து, ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து எண்ணியதால் வந்த வெற்றி அது.

அப்படி எண்ணத் தெரிந்த நாடு இது. ஆனால் புகையை எண்ணுவதில்லை.

அன்று என் மாணவனுக்கு இழுத்தபோது ஆஸ்பத்திரியில் என்ன பதிந்தார்கள்? ஆஸ்துமா என்று பதிந்தார்கள். எந்த வளவில், எந்தக் குழியின் புகையில் இழுத்தது என்று எங்கும் பதியப்படவில்லை. எம்.ஓ.எச். ஒபிஸுக்கு எந்தப் படிவமும் போகவில்லை. பீ.எச்.ஐ. பாடசாலைக்கு வரவில்லை. வரச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அதே நாளில் அவனுக்கு டெங்கு என்றிருந்தால் மறுநாளே எங்கள் பூச்சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்திருப்பார்கள். நுளம்பு பெருக்கினால் வழக்கு. நஞ்சுப் புகையைக் கிளப்பினால் கேட்க ஆளில்லை.

நஞ்சு என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஷொப்பிங் பேக்கும் யோகட் கப்பும் நம் குழியில் எரியும்போது முழுமையாக எரிவதில்லை. குறைந்த சூட்டில் புகைந்துகொண்டே இருக்கும். பீ.வி.சி. வகைப் பிளாஸ்டிக் அதில் இருந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது புற்றுநோயோடு தொடர்புடையது. புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்களுக்கு பீ.எம். 2.5 என்று பெயர். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காது, தொண்டையில் தங்காது, நுரையீரலின் அடி வரை போய் இரத்தத்திலும் கலக்கும். பெரியவர்களை விடப் பிள்ளைகள் தங்கள் நிறைக்கு அதிகமான காற்றைச் சுவாசிக்கிறார்கள். உயரமும் குறைவு. அதனால் நிலத்தில் இருந்து எழும் புகைக்குக் கிட்ட நிற்பது அவர்கள்தான். அந்தப் பிள்ளைகளிடம்தான் நாம் நெருப்புப் பெட்டியைக் கொடுக்கிறோம்.

காற்றை எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் சூறாவளி இருந்த நேரம். இந்தியப் பக்கம் இருந்து மாசடைந்த காற்று வந்து நாட்டின் பல பகுதிகள் மங்கிப் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளந்து இலக்கங்களை வெளியிட்டது. அந்த இலக்கங்கள் எல்லாருடைய போனிலும் வந்தன. காலநிலையையும் காற்றையும் காரணம் காட்டி டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை கொடுத்தார்கள். கடல் கடந்து வந்த புகைக்கு ஒரே இரவில் தீர்மானம் எடுக்க முடிந்தது, ஏனென்றால் அதை யாரோ அளந்தார்கள். பின் மதிலடியில் இருந்து கிளம்பும் புகையை ஒருவரும் அளப்பதில்லை. அதனால் அதற்கு லீவும் இல்லை, தீர்மானமும் இல்லை.

நம் நாட்டில் 2008இல் திருத்தப்பட்ட தரத்தின்படி 24 மணித்தியாலச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றில் பீ.எம். 2.5 அளவு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் சொன்ன அளவு 15. நம் தரமே உலக அளவை விட மூன்று மடங்கு தாராளமானது. அந்தத் தாராளமான கோட்டையாவது நம் ஊர் தாண்டுகிறதா இல்லையா என்று பார்க்க நம் ஊரில் ஒரு கருவி கிடையாது.

இந்த இடத்தில் பலர் சொல்லப் போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கொளுத்தாம என்ன செய்ற? டிரக்டர் வாறதில்லையே." நியாயமான கேள்வி. குப்பை எடுக்க ஆள் வராத ஊரில் கொளுத்தாதே என்று மட்டும் சொல்வது ஏழைகளுக்குத் தண்டனை. ஆனால் டிரக்டர் ஏன் வரவில்லை என்று நாம் யாரிடம் கேட்டிருக்கிறோம்? உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அந்த இரண்டு வருடமும் கேட்க உறுப்பினர் இல்லை, செயலாளர்கள்தான் சபையை நடத்தினார்கள் என்று காரணம் சொன்னோம். இப்போது வட்டாரத்துக்கு வட்டாரம் உறுப்பினர் இருக்கிறார். தேர்தல் நேரம் ரோட்டையும் லைட்டையும் கேட்ட நாம் குப்பையைப் பற்றிக் கேட்டோமா? கேட்டிருந்தால் எழுத்தில் கேட்டோமா?

"டிரக்டர் வந்தாலும் கொட்ட இடமில்ல." இதுவும் உண்மை. நம் கிழக்கில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஒலுவில் அஷ்ரப் நகர் பக்கம் உள்ள பள்ளக்காடு. பல சபைகளின் குப்பை அங்கே போகிறது. அந்தக் குப்பையில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் செத்ததாக 2022இல் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. வெட்டிப் பார்த்த யானைகளின் வயிற்றில் பொலித்தீன் இருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஷெயார் பண்ணியிருப்பீர்கள். கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். அந்த மலை ஒரே நாளில் வளரவில்லை. அங்கிருந்த மக்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். அதே 2017இல்தான் இந்த நாடு கண்ட மிகப்பெரிய டெங்குப் பரவலும் வந்தது. ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேர், 400க்கும் மேற்பட்ட மரணங்கள். குப்பையைக் கவனிக்காத நாட்டுக்கு அது மூன்று வழியில் திரும்பி வருகிறது. குவிந்தால் சரிகிறது, தண்ணீர் தேங்கினால் நுளம்பாகிறது, கொளுத்தினால் புகையாகிறது.

"புகை போட்டா நுளம்பு போகும் சேர்." இதைச் சொல்லாத வீடு இல்லை. நுளம்பு புகையடிக்கும் வரை விலகி நிற்கும், பிறகு வரும். நெஞ்சுக்குள் போன துகள் அப்படி எழுந்து போகாது. நுளம்பை ஒழிக்க வேண்டும் என்றால் அது முட்டையிடும் யோகட் கப்பை ஒழியுங்கள்.

"பீ.எச்.ஐ.மார் எங்கட ஆக்கள்ளதான் பிழை பிடிப்பாங்க." இதையும் மறைக்காமல் பேசுவோம். 2020இல் ஜனாஸாக்களை எரித்த நாட்களில் சுகாதாரப் பகுதியினரின் வாகனம் ஊருக்குள் வந்தாலே நம் மக்கள் நடுங்கினார்கள். காய்ச்சல் என்று சொல்லவே பயந்தார்கள். அந்தக் காயம் உண்மையானது. அந்தத் தீர்மானம் மேலே எடுக்கப்பட்டது, அதற்காக 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கவும் முடிவெடுத்தது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நம் வளவுக்கு வரும் பீ.எச்.ஐ.யை இன்னும் எதிரியாகப் பார்த்தால் நட்டம் நமக்குத்தான். பரிசோதகர் வராத ஊரில் நோய் வராமல் இருக்காது. அது பதியப்படாமல் இருக்கும், அவ்வளவுதான்.

இனி, எங்கள் பாடசாலையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பெரிய சாதனைக் கதை இல்லை.

அதிபரிடம் பேசினேன். குழியை மண் போட்டு மூடினோம். இலைகளைத் தனியாக மதிலோரம் கற்களை அடுக்கி அதற்குள் போடுகிறோம். உக்கிப் போகிறது, பிள்ளைகள் மரவள்ளி நட்டிருக்கிறார்கள். போத்தல்களைப் பழைய சாமான் வாங்குபவர் எடுக்கிறார். இவ்வளவும் லேசாக நடந்தது. லன்ச் சீட்டையும் டொபி உறையையும் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அவற்றை யூரியா பேக்குகளில் கட்டி வைத்தோம். மூன்று கிழமையில் ஆறு பேக். மழை வந்தால் நுளம்பு பெருகும் என்று அதிபர் பயந்தார். பேசாமல் கொளுத்திவிடுவோம் என்று ஆசிரியர் அறையிலேயே குரல் வந்தது. எனக்கும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் தோன்றியது.

சபைக்குக் கடிதம் கொடுத்தோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதை எம்.ஓ.எச். ஒபிஸுக்கும் பிரதி போட்டு அனுப்பினோம். மூன்றாவதைக் கொண்டு போய் நேரில் கொடுத்து, எங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்கினோம். அதற்குப் பிறகு டிரக்டர் வந்தது. வந்த ஊழியர்கள் இரண்டு பேர், கையில் உறை இல்லை, முகத்தில் மாஸ்க் இல்லை. ஆறு பேக்கையும் பத்து நிமிடத்தில் ஏற்றினார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவர்களுக்கு நன்றி சொல்ல வைத்தோம். ஒருவர் சிரித்துக்கொண்டே, இத்தனை வருடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை என்றார். அடுத்த கிழமை டிரக்டர் வரவில்லை. அதற்கடுத்த கிழமை வந்தது. இப்படித்தான் போகிறது. ஆனால் முத்திரை குத்திய பிரதி எங்களிடம் இருக்கிறது. டிரக்டர் வந்த நாளும் வராத நாளும் ஒரு கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பியைத் தரம் 7 பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள்.

பீ.எச்.ஐ. சொன்ன அந்தப் புத்தகத்தை மேலே இருந்து யாராவது அனுப்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாமே தொடங்கலாம். எனது கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று, அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்: பாடசாலைக் குழியை மூடுங்கள். எம்.ஓ.எச். ஒபிஸ் வருடாவருடம் நம் பாடசாலைகளின் மலசலகூடத்தையும் குடிநீரையும் வளவையும் பார்க்க வருகிறது. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனை செய்கிறது. வரும்போது எரிக்கும் இடத்தையும் காட்டுங்கள். மறைக்காதீர்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டும் வேலை கொடுக்காதீர்கள்.

இரண்டு, சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு: குப்பை எரிப்பு முறைப்பாட்டுக்கு என்று ஒரு பதிவேடு திறவுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாருடைய வளவு, என்ன நடவடிக்கை. நான்கு நிரல் போதும். மாதம் ஒரு முறை அந்தக் கணக்கைச் சபைக்கு அனுப்புங்கள். சபையின் டிரக்டரே கொட்டிய இடத்தில் எரித்தாலும் அதையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். ஏழையின் வளவுக்கு ஒரு சட்டம், சபையின் காணிக்கு ஒரு சட்டம் இருக்கக்கூடாது.

மூன்று, தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்: எந்த வட்டாரத்துக்கு எந்த நாள் டிரக்டர் வரும் என்று அறிவியுங்கள். வர முடியாத கிழமை வர முடியாது என்று சொல்லுங்கள். ஊழியர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

நான்கு, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: நம் வுழூ செய்யும் இடத்துச் சுவரில் தூய்மை பற்றிய ஹதீஸ் எழுதியிருக்கிறது. அதே பள்ளியின் பின்பக்கம் கந்தூரிச் சோற்று லன்ச் சீட் எரிகிறது. குர்பான் காலத்தில் கழிவைப் புதைக்க ஒழுங்கு செய்யும் ஜமாஅத்துகள் இருக்கின்றன. அவர்களால் முடிந்தால் மற்ற நாட்களிலும் முடியும். ஒரு ஜும்ஆவில் புகையைப் பற்றிப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஹக் என்று பேசும்போது அவர் சுவாசிக்கும் காற்றும் அதற்குள் வருகிறது.

ஐந்து, நமக்கு: முகநூலில் ஏசுவதைக் குறைத்து எழுத்தில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண பிரஜைக்கு ஒரு நல்ல ஆயுதம். சபையிடம் எத்தனை டிரக்டர் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, குப்பை எங்கே போகிறது, அங்கே எரிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுவேன், வராவிட்டாலும் போடுவேன்.

நான் சபையையும் சுகாதாரப் பகுதியையும் கேள்வி கேட்கிறேன் என்று கோபப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் குற்றவாளி நான்தான். அதனால்தான் என் கதையில் இருந்து தொடங்கினேன். நம் கையில் நெருப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு சபையிடம் போய்ப் புகையைப் பற்றிக் கேட்க முடியாது. அதை வைத்துவிட்டுக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது சுகமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். டிரக்டர் கொப்பி அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. போன கிழமை கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். திங்கட்கிழமைக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நான் சொல்லாமலே இன்னொரு வரி: "பக்கத்து வளவில் புகை. 9.20."

அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று அவன் என்னிடம் கேட்டான். அந்த வளவுக்காரரை எனக்குத் தெரியும். இன்று அஸருக்குப் பிறகு போய்க் கதைக்கப் போகிறேன். நெருப்புப் பெட்டியைக் கொடுத்த கதையைத்தான் முதலில் சொல்வேன்.